7. தீம் பொட்டலத்தைப் பிரித்து நம் ஊரை உள்ளே வைப்பது

இணையத்தில் இருந்து ஒரு தீம் இறக்கிப் போட்டால் பாதி பிடிக்கும், பாதி பிடிக்காது. நிறம் கண்ணுக்கு இதமாக இருக்கும், பின்னணியில் பனிமலை நிற்கும். ஐகான்கள் அழகாக இருக்கும், குப்பைத்தொட்டி மட்டும் என்னவென்றே புரியாத வடிவில் இருக்கும். பலர் அதோடு அந்தத் தீமைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததைத் தேடப் போகிறார்கள். தேட வேண்டியதில்லை. தீம் என்று நாம் சொல்வது சில படங்களும் ஒன்றிரண்டு எழுத்து ஃபைல்களும் சேர்ந்த ஒரு ஃபோல்டர்தான். பிடிக்காததை எடுத்துவிட்டு வேண்டியதை வைக்கலாம். அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டாம். ஃபைல் பெயரையும் படத்தின் அளவையும் மதிக்கத் தெரிந்தால் போதும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இதைச் செய்து பார்க்க ஏற்ற கணினிகள் நிறைய வீடுகளில் கிடக்கின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படித்த பிள்ளைகளுக்கு வந்தவை அவை. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலையில் இருக்கிறார்கள். மடிக்கணினி நரிக்குடியிலோ பாலையம்பட்டியிலோ அலமாரியில் இருக்கிறது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த கணினிகள் அவற்றில் உண்டு. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய லினக்ஸ். ஆகவே டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் இந்த அத்தியாயத்தில் சொல்வது பாஸுக்கும் பொருந்தும்.

பழைய கணினியைத் திறக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆகவே அந்தக் கணினியை இணையத்தில் இணைத்து வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். தீம் பழகுவதற்கு அது தாராளமாகப் போதும். விண்டோஸ் 7-இல் ஸ்டார்ட்டர் என்ற பதிப்பு இருந்தால் பின்னணிப் படத்தை மாற்றவே அதில் வழி கிடையாது. மைக்ரோசாப்ட் வேண்டுமென்றே அடைத்து வைத்தது. அதை உடைக்க நேரம் செலவிடாமல் லினக்ஸ் பக்கம் போய்விடுங்கள்.

நகலில்தான் கை வைக்க வேண்டும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பேன் என்று நீங்கள் சொன்னால், இந்த வரியை வையுங்கள்: மூலத் தீமைத் தொடாதீர்கள், நகல் எடுத்து அதற்கு வேறு பெயர் வைத்து அதில் வேலை செய்யுங்கள். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. கணினி அடுத்த முறை அப்டேட் ஆகும்போது மூல ஃபோல்டரில் நீங்கள் செய்த மாற்றமெல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடும். மூல ஃபோல்டர் அந்தக் கணினியில் உள்ள எல்லாருக்கும் பொது; நீங்கள் கெடுத்தால் தம்பியின் லாகினும் கெடும். மூன்றாவதுதான் பெரிது. நகல் கெட்டால் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டுப் பழைய தீமைத் தேர்ந்தெடுத்தால் கதை முடிந்தது. மூலம் கெட்டால், லாகின் திரையே ஒழுங்காக வராத கணினியின் முன் உட்கார்ந்து பழுது பார்க்க வேண்டியிருக்கும்.

லினக்ஸில் நகல் வைக்க உங்கள் ஹோம் ஃபோல்டரே இடம். அதற்குள் தீம்ஸ் என்று ஒரு ஃபோல்டர், ஐகான்ஸ் என்று ஒரு ஃபோல்டர். இரண்டு பெயர்களுக்கும் முன்னால் ஒரு புள்ளி. புள்ளி வைத்த ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியாது. ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல் விசையோடு ஹெச் அழுத்தினால் தெரியும். இல்லையென்றால் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். கணினியோடு வந்த மூலத் தீம்கள் யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் ஷேர், அதற்குள் தீம்ஸ் என்ற இடத்தில் இருக்கின்றன. பிடித்ததை அங்கிருந்து காப்பி எடுத்து ஹோமில் ஒட்டி, உடனே பெயரை மாற்றுங்கள். பெயரை மாற்றாமல் விட்டாலும் வேலை நடக்கும், ஏனென்றால் ஹோமில் இருப்பதையே கணினி முதலில் எடுக்கும். ஆனால் நாலு மாதம் கழித்து எது மூலம் எது நகல் என்று உங்களுக்கே தெரியாது.

விண்டோஸ் பொட்டலம்

விண்டோஸ் 7 காலத்தில் தீம்பேக் என்ற முடிவோடும், விண்டோஸ் 8-இல் இருந்து டெஸ்க்தீம்பேக் என்ற முடிவோடும் வரும் ஃபைல்கள் இரண்டுமே உள்ளே கேப் வகைப் பொட்டலங்கள். 7-ஜிப் இருந்தால் வலது கிளிக் செய்து பிரித்துவிடலாம். பிரித்ததும் உள்ளே டெஸ்க்டாப்பேக்ரவுண்ட் என்ற ஃபோல்டரும், தீம் என்று முடியும் ஓர் எழுத்து ஃபைலும் தெரியும். சில பொட்டலங்களில் ஒலிகளும் மவுஸ் அம்புகளும் சேர்ந்து இருக்கும்.

இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். 7-ஜிப் கேப் பொட்டலத்தைப் பிரிக்கும், ஆனால் அதற்குள் புதிதாக எதையும் எழுதாது. திறந்த சன்னலுக்குள் நம் படத்தை இழுத்துப் போட்டால் முடியாது என்று சொல்லிவிடும். ஃபைல் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அந்த மென்பொருளின் எல்லை அது. வேறு வழியாகப் போகலாம்.

முதலில் தீம்பேக்கை இரண்டு முறை கிளிக் செய்து வழக்கம்போல நிறுவிவிடுங்கள். விண்டோஸ் அதைப் பிரித்து உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாப்ட், விண்டோஸ், தீம்ஸ் என்ற வரிசையில் போய் வைக்கும். அங்கே அந்தத் தீமின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முதலில் வேறொரு இடத்தில் காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பனிமலைப் படத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே உங்கள் படத்துக்கு வைத்து மேலே ஒட்டுங்கள். பெயரும் ஜேபிஜி என்ற முடிவும் ஒன்றாக இருந்தால் எழுத்து ஃபைலைத் திறக்கவே வேண்டியதில்லை. பிறகு வேறொரு தீமுக்கு மாறி, திரும்ப இதற்கு வாருங்கள். மாறி வராவிட்டால் பழைய படமே நிற்கும். தேர்ந்தெடுத்த படத்தை விண்டோஸ் தனக்கென ஒரு நகல் செய்து வேறு ஃபோல்டரில் வைத்து, அந்த நகலைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் சரியாக வந்ததும் பர்சனலைசேஷன் பக்கத்தில் அந்தத் தீமின் மேல் வலது கிளிக் செய்து, பகிர்வதற்காகச் சேமி என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். புதுப் பொட்டலத்தை விண்டோஸே கட்டித் தந்துவிடும். கையால் கேப் கட்டும் கட்டளைகள் உண்டு; ஒரு தீமுக்காக அதைக் கற்பது வீண் உழைப்பு.

எழுத்து ஃபைலைத் திறந்து பார்க்க விரும்புவோர் நோட்பேடிலேயே திறக்கலாம். சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு தலைப்பு, கீழே சமக்குறி போட்ட வரிகள். டிஸ்ப்ளேநேம் வரியில் தீமின் பெயர் இருக்கும், அதை மாற்றுங்கள். வால்பேப்பர்ஸ்டைல் வரியில் 10 இருந்தால் படம் திரையை நிறைக்கும், மிஞ்சியது வெட்டுப்படும். 6 இருந்தால் படம் முழுதாகத் தெரியும், பக்கத்தில் வெற்றிடம் விடும். 2 இருந்தால் படத்தை இழுத்துப் பொருத்தும். 2 வேண்டவே வேண்டாம், கோபுரம் குட்டையாகி மனிதர் குண்டாகிவிடுவார். ஸ்லைடுஷோ பகுதியில் இன்டர்வல் வரி மில்லிசெகண்டில் எழுதியிருக்கும். 1800000 என்றால் அரைமணி, 86400000 என்றால் ஒரு நாள். மாஸ்டர்தீம்செலக்டர் என்ற பகுதிக்குக் கீழே பொருள் புரியாத ஓர் எழுத்துக்கோவை இருக்கும். அதைத் தொடாதீர்கள், அது இல்லாவிட்டால் அந்த ஃபைலை ஒரு தீம் என்றே விண்டோஸ் ஒப்புக்கொள்ளாது.

படங்களுக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசை வரும். தீமுக்குள் மட்டும் அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். எழுத்து ஃபைலைச் சேமித்த குறிமுறை ஒன்றாகவும் விண்டோஸ் படிக்கும் குறிமுறை வேறாகவும் இருந்தால் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக மாறி, படம் காணாமல் போகும். ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவே இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள்.

ஒலிகளை மாற்றும்போது வேவ் வகை ஃபைல்தான் ஒலிக்கும். எம்பி3 ஃபைலின் பெயரை மட்டும் மாற்றி வைத்தால் ஒலிக்காது. சன்னல்களின் சட்டத்தையும் பட்டன்களையும் மாற்றும் எம்எஸ்ஸ்டைல்ஸ் ஃபைல்களில் மைக்ரோசாப்டின் கையொப்பம் உண்டு. வேறொருவர் செய்ததை ஏற்க வைக்க விண்டோஸின் உள்ளுறுப்பு ஒன்றை மாற்றச் சொல்லும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. கடைக் கணக்கு வைத்திருக்கும் கணினியில் இதைச் செய்யவே கூடாது. அதைவிட முக்கியம்: இஎக்ஸ்இ என்று முடியும் எதையும் தீம் என்று நம்பித் திறக்காதீர்கள். எஸ்சிஆர் என்று முடியும் ஸ்கிரீன்சேவரும் அப்படித்தான். அதுவும் ஓடும் நிரலே.

கரிசல் படம் எடுப்பது

விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001 முதல் உலகம் முழுக்க ஒரே பச்சைமேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1996-இல் சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் சாலையோரம் நின்று எடுத்த படம் அது. அருப்புக்கோட்டையின் கம்ப்யூட்டர் சென்டர்களில் படித்த ஒரு தலைமுறை அந்த மேட்டைப் பார்த்துத்தான் டைப் அடிக்கக் கற்றது. விண்டோஸ் 7-க்குள் குளோபலைசேஷன் என்ற ஃபோல்டரில் நாட்டுக்கு ஒன்றாக மறைத்து வைத்த தீம்கள் இருந்தன: ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன், அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா. அந்த ஐந்தில் இந்தியா இல்லை. நம் ஊர் திரையில் வர வேண்டும் என்றால் நாம்தான் வைக்க வேண்டும்.

இதில் கரிசல்காட்டுக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. டெஸ்க்டாப்பில் ஐகானுக்குக் கீழே வரும் பெயர் வெள்ளை எழுத்து. அந்த எழுத்து தெளிவாகத் தெரிய, பின்னால் இருண்ட, சமமான பரப்பு வேண்டும். மழை பெய்து உழுத கரிசல் அதற்கென்றே அமைந்த நிறம். வெளிர்வானத்தின் மேல் வெள்ளை எழுத்து காணாமல் போகும். கரிசலின் மேல் பளிச்சென்று நிற்கும். ஐகான்கள் இடப்பக்கம் மேலிருந்து அடுக்கப்படுவதால், படத்தின் இடப்பக்கம் நிலமாக இருக்கும்படி எடுப்பது நல்லது. கண்மாய்க் கரை மேல் ஏறி நின்று கீழே பார்த்து எடுத்தால் வானம் ஒரு கீற்றாகச் சுருங்கி, மண் படத்தை நிறைக்கும். ஆனால் கோடையில் வெடிப்பு விட்ட மண்ணைக் குனிந்து கிட்டத்தில் எடுக்காதீர்கள். தனியாகப் பார்க்க அழகான படம்தான். டெஸ்க்டாப்பில் வைத்தால் அத்தனை கோடுகளுக்கு நடுவே ஐகானைத் தேட வேண்டியிருக்கும்.

உச்சிவெயிலில் எடுத்த படம் வெளிறிப்போகும். காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் கறுத்துக் கிடக்கும். மார்கழி, தையில் மல்லியும் கம்பும் சோளமும் பச்சை காட்டும். மல்லி பூத்த நிலம் தூரத்தில் இருந்து பார்த்தால் வெண்மை படர்ந்தது போல் தெரியும். மாசி, பங்குனியில் பருத்தி வெடிக்கும். பிறகு வெறுங்காடும் சீமைக்கருவேலும். இந்த நாலையும் நாலு படமாக எடுத்து ஒரு தீமுக்குள் வைத்தால், மானாவாரி வெள்ளாமையின் ஒரு வருடம் திரையில் சுற்றும். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளுக்கு இதைவிட நல்ல தீம் எனக்குத் தெரியாது.

அளவு விஷயத்தில் ஒரு கணக்கு. மலிவு மடிக்கணினிகளின் திரை பெரும்பாலும் 1366-க்கு 768, அதாவது 16-க்கு 9 என்ற விகிதம். கைபேசிக் கேமரா வழக்கமாக 4-க்கு 3. குறுக்குவாட்டில் எடுத்த 4000-க்கு 3000 படத்தை இந்தத் திரையில் நிறைத்தால் உயரத்தில் 2250 மட்டுமே நிற்கும். கால்வாசிப் படம் வெட்டுப்படும். திருச்சுழி திருமேனிநாதர் கோயில் கோபுரத்தைச் சட்டம் நிறைய எடுத்து வந்து வைத்தால் கலசம் போய்விடும். கைபேசியை நெடுக்காகப் பிடித்து எடுத்தது என்றால் கோபுரத்தில் ஒரு நிலை மட்டும் மிஞ்சும். பின்னால் நகர்ந்து நின்று, மேலும் கீழும் இடம் விட்டு, குறுக்காக எடுங்கள். அப்புறம் கிம்ப் போன்ற மென்பொருளில் 16-க்கு 9 என்று நீங்களே வெட்டுங்கள். எதை விடுவது என்று முடிவு செய்வது கணினியாக இருக்கக் கூடாது. சன்னதிக்குள் படம் எடுக்கக் கேமராவைத் தூக்காதீர்கள், வெளிக் கோபுரமே திரைக்கு அழகு. குண்டாற்றங்கரையில் இருந்தும் எடுக்கலாம். ரமணர் 1879-இல் பிறந்த சுந்தர மந்திரம் வீட்டுக்குள் எடுக்க வேண்டுமானால் அங்கிருப்பவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

லினக்ஸில் சன்னல் சட்டம்

பழைய மடிக்கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் பொருத்தம். லேசானது, அதன் தீம்கள் திறந்து பார்க்கச் சுலபமானவை. ஒரு தீம் ஃபோல்டருக்குள் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். சன்னலைச் சுற்றியுள்ள சட்டம் முழுக்க அதற்குள் துண்டு துண்டான படங்களாக இருக்கிறது: மூடும் பட்டன், பெரிதாக்கும் பட்டன், தலைப்புப் பட்டையின் ஐந்து துண்டுகள், இடம், வலம், அடி, மூலைகள். ஒவ்வொன்றுக்கும் சன்னல் முன்னால் நிற்கும்போது ஒன்று, பின்னால் போகும்போது ஒன்று. பட்டன்களுக்கு அழுத்தும்போது காட்ட இன்னொன்றும் உண்டு. ஃபைல் பெயரைப் படித்தாலே எது எது என்று விளங்கும்.

தமிழில் கணினி பயன்படுத்துவோருக்கு இங்கே ஒரு பிரச்சினை வரும். தலைப்புப் பட்டையின் உயரத்தை எந்த எண்ணும் தீர்மானிப்பதில்லை. தலைப்புத் துண்டுப் படத்தின் உயரம்தான் பட்டையின் உயரம். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துச் செய்த தீமில் அது குறுகலாக இருக்கும். ஆங்கிலத்தில் கோட்டுக்குக் கீழே இறங்கும் எழுத்து சிலதான். தமிழில் கு, மு, ழு, ஞ, ளூ என்று இறங்கும் எழுத்துகள் ஏராளம், கி, கீ போன்றவை மேலேயும் ஏறும். விளைவு, 'முகவரிகள்' என்ற ஃபைலைத் திறந்தால் தலைப்பில் முதல் எழுத்தின் வால் வெட்டுப்பட்டு நிற்கும். எழுத்துருவைச் சிறிதாக்குவது தீர்வாகாது, தாத்தாவால் படிக்க முடியாது. கிம்ப்பில் தலைப்புத் துண்டுகள் ஐந்தையும், மேல்மூலைகள் இரண்டையும் திறந்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு உயரமாக்குங்கள். 22 பிக்சல் இருந்தால் 28 வையுங்கள். முன்னால் நிற்கும் சன்னலுக்கும் பின்னால் போகும் சன்னலுக்கும் தனித்தனிப் படங்கள் என்பதை மறக்காதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றினால், சன்னல் மாறும்போதெல்லாம் பட்டை ஏறி இறங்கும்.

இன்னொரு நுணுக்கம். பல தீம்களில் ஒரே துண்டுக்கு எக்ஸ்பிஎம் வகையில் ஒரு படமும் பிஎன்ஜி வகையில் ஒரு படமும் இருக்கும். எக்ஸ்பிஎம் அடியில், பிஎன்ஜி அதன் மேல். மேலே இருப்பதை மட்டும் மாற்றினால் அதன் ஒளிஊடுருவும் இடங்கள் வழியாகப் பழைய படம் எட்டிப் பார்க்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அதுபோல, சன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுக்கவே முடியவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் ஓரத்துண்டுப் படம் 1 பிக்சல் அகலத்தில் இருப்பதுதான். அதை 4 அல்லது 5 பிக்சல் ஆக்கினால் மவுஸுக்குப் பிடி கிடைக்கும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது கணினி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் கடைகள் தெருவைப் பார்த்துத் திறந்தே இருக்கும். பத்து மணிக்கு மேல் வெளிச்சம் உள்ளே வந்து திரையில் விழும். கறுப்புத் தீம் இரவில் கண்ணுக்கு இதம், ஆனால் அந்த வெளிச்சத்தில் திரை முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். இ-சேவை மையத்துக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் வெளிர்ப் பின்னணி, அழுத்தமான கறுப்பு எழுத்து. வேறு யோசனையே வேண்டாம்.

ஐகான்கள்

ஐகான் தீமின் உயிர் இன்டெக்ஸ் டாட் தீம் என்ற ஃபைல். எந்தெந்த ஃபோல்டரில் எந்த அளவு ஐகான் இருக்கிறது என்ற பட்டியலும், தன்னிடம் இல்லாததை யாரிடம் கேட்பது என்ற வரியும் அதில் உண்டு. அந்த வரியில் இன்ஹெரிட்ஸ் என்று போட்டு ஒரு தாய்த் தீமின் பெயர் எழுதியிருக்கும். இந்த ஒரு வரியால் பெரிய வேலை மிச்சமாகிறது. ஆயிரக்கணக்கான ஐகான் உள்ள தீமை முழுதாகக் காப்பி எடுக்க வேண்டாம். புது ஃபோல்டர் ஒன்று, அதற்குள் ஒரு சின்ன இன்டெக்ஸ் ஃபைல், தாய்த் தீமாக உங்களுக்குப் பிடித்த தீமின் பெயர், நீங்கள் மாற்ற விரும்பும் நாலைந்து ஐகான்கள். அவ்வளவுதான். மற்றதெல்லாம் தாயிடம் இருந்து வந்துவிடும்.

உதாரணத்துக்கு, ஃபோல்டர் ஐகானில் அருப்புக்கோட்டைக் கைத்தறிச் சேலையின் கரையை வைக்க நினைக்கிறீர்கள். 64 பிக்சலில் கோபுரக் கரையின் முக்கோணங்களை வரிசையாக வரையலாம். 48-இல் மூன்று முக்கோணம் நிற்கும். 16-இல் அந்த மூன்றும் கலங்கி அழுக்குப் பட்டை போல் தெரியும். அங்கே ஒரே ஒரு முக்கோணம் வரைய வேண்டும். பெரியதைச் சுருக்கிச் சிறியதாக ஒட்டக் கூடாது, சிறிய அளவுக்குத் தனியாக வரைய வேண்டும். இதைச் செய்யாமல் 48-ஐ மட்டும் மாற்றியவர்களுக்கு டெஸ்க்டாப்பில் புது ஐகானும் ஃபைல் மேனேஜரின் பக்கப்பட்டியில் பழைய ஐகானும் தெரியும். குப்பைத்தொட்டிக்கு எப்போதும் இரண்டு படம்: காலியானது, நிறைந்தது. ஐகானுக்குள் 'அ' போன்ற எழுத்தை வைத்தால், இங்க்ஸ்கேப்பில் அந்த எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிட்டுச் சேமியுங்கள். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வேறு வடிவில் வரும்.

மாற்றியும் பழைய ஐகானே தெரிகிறது என்றால், அந்த ஐகான் ஃபோல்டரின் மேல்மட்டத்தில் கேச் என்று முடியும் ஃபைல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் நகலில் அதை அழித்துவிட்டு ஒருமுறை லாகவுட் செய்து வாருங்கள்.

மவுஸ் அம்பை மாற்றுவது தனி வேலை. படத்தில் எந்தப் புள்ளி கிளிக் ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். அது தவறினால் நீங்கள் ஒன்றைத் தொட, கணினி பக்கத்தில் இருப்பதைத் திறக்கும். புதியவர்கள் ஆயத்தமான அம்புத் தொகுப்பையே வைத்துக்கொள்ளலாம்.

ஜிடிகே, கேடிஇ

சன்னலுக்கு உள்ளே இருக்கும் பட்டன், மெனு, பட்டியல் ஆகியவற்றின் தோற்றம் தீமுக்குள் இருக்கும் ஜிடிகே ஃபோல்டரில் உள்ள சிஎஸ்எஸ் ஃபைலில் இருக்கிறது. சில தீம்களில் திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி மட்டும் இருந்து ஏமாற்றும். அப்போது மீதி முழுவதும் ஜிரிசோர்ஸ் என்ற ஒற்றை ஃபைலுக்குள் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அதைப் பிரித்து மறுபடி கட்டக் கருவிகள் உண்டு. ஆனால் ஒரு நிறத்துக்கோ உயரத்துக்கோ அந்தப் பாடு தேவையில்லை. ஹோமில் புள்ளி வைத்த கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ஜிடிகே-3.0 என்ற ஃபோல்டரில் ஜிடிகே டாட் சிஎஸ்எஸ் என்று நீங்களே ஒரு ஃபைல் உருவாக்கி, மாற்ற வேண்டிய இரண்டு மூன்று வரிகளை மட்டும் எழுதுங்கள். எந்தத் தீம் போட்டாலும் அதன் மேல் உங்கள் வரிகள் செல்லுபடியாகும். எழுதியது வேலை செய்யவில்லை என்றால், டெர்மினலில் இருந்து ஏதாவது ஒரு மென்பொருளைத் திறந்து பாருங்கள். எந்த வரியில் பிழை என்று எண்ணோடு சொல்லும். பெரும்பாலும் ஓர் அரைப்புள்ளியோ அடைப்புக்குறியோ விட்டுப்போயிருக்கும்.

2022-இல் வந்த க்னோம் 42 டெஸ்க்டாப் முதல் லிப்அத்வைதா என்ற நூலகத்தில் எழுதப்பட்ட மென்பொருள்கள் பழைய வகைத் தீம்களுக்குக் கட்டுப்படுவதில்லை. புது உபுண்டுவில் சில சன்னல்கள் மட்டும் தீம் மாறாமல் நின்றால் உங்கள் வேலையில் குறை இல்லை.

கேடிஇ டெஸ்க்டாப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. அதன் தீம் படங்கள் எஸ்விஜிஇசட் என்ற சுருக்கிய எஸ்விஜி. இங்க்ஸ்கேப் நேராகத் திறக்கும். உள்ளே ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாளப் பெயர் இருக்கும். நடு, மேல்-இடம், மேல்-வலம் என்ற பொருளில் அமைந்த அந்தப் பெயர்களை வைத்துத்தான் கேடிஇ துண்டுகளைக் கண்டுபிடிக்கிறது. நிறத்தை மாற்றுங்கள், வடிவத்தை மாற்றுங்கள், பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

பிறருக்குக் கொடுக்கும்போது

தீம் நன்றாக வந்ததும் நண்பர்கள் கேட்பார்கள், பென் டிரைவில் போட்டுக் கொடுப்பீர்கள். லினக்ஸ் ஐகான் தீமை ஃபோல்டராக அப்படியே பென் டிரைவில் ஒட்டாதீர்கள். அந்தத் தீம்களில் ஒரே படத்துக்குப் பல பெயர்கள் வைக்கக் குறுக்கிணைப்புகள் பயன்படுத்தப்படுகின்றன. பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 அமைப்பால் அவற்றைத் தாங்க முடியாது. காப்பி பாதியில் நின்று பிழை காட்டும், இல்லையென்றால் பாதி ஐகான் காணாமல் போகும். டார் ஜிஇசட் வகைப் பொட்டலமாகக் கட்டி, அந்த ஒற்றை ஃபைலைக் கொடுங்கள். வாங்குபவரும் அதை விண்டோஸில் பிரிக்காமல், தன் லினக்ஸ் ஹோமுக்குக் கொண்டுபோய் அங்கே பிரிக்க வேண்டும்.

மூலத் தீமை உழைத்துச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். ஃபோல்டருக்குள் லைசென்ஸ் என்ற ஃபைல் இருந்தால் அதை அழிக்காதீர்கள். ஜிபிஎல் உரிமத்தில் வந்தது என்றால் மாற்றவும் பகிரவும் உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் மாற்றமும் அதே உரிமத்தில்தான் போக வேண்டும். ரீட்மி என்று ஓர் எழுத்து ஃபைல் சேர்த்து, மூலத் தீம் எது, செய்தவர் யார், நீங்கள் மாற்றியது என்ன, படங்கள் எந்த ஊரில் எந்த மாதம் எடுத்தவை என்று நாலு வரி எழுதுங்கள். படத்தில் யார் முகமாவது தெளிவாகத் தெரிந்தால், களை எடுக்கும் அக்காவாக இருந்தாலும் தறி போடும் அண்ணனாக இருந்தாலும், கேட்ட பிறகே பொட்டலத்துக்குள் வையுங்கள். கொடுக்கும் முன் உங்கள் கணினியில் புதிதாக ஒரு லாகின் உருவாக்கி, அதில் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். உங்கள் லாகினில் மட்டும் தெரியும் படம் ஏதாவது இருந்தால், தீமில் எழுதிய ஒரு பாதை உங்கள் ஹோம் ஃபோல்டரைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வரியைத் திருத்திவிட்டுப் பொட்டலத்தை மறுபடி கட்டுங்கள்.